ரெண்டு நிமிசம் பெரியண்ணனும் கப்பல்வீட்டுக் கதவும்

ஏற்காட்டில் ஷட்டர் ரிப்பேருக்கு ஒரே ஆள் பெரியண்ணன்தான். ஒரே ஆள் என்பதால் நல்ல ஆள் என்று சொல்லிவிட முடியாது. மோசமான ஆள் என்று சொல்வதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க மலைமேல் இன்னொருவர் இல்லை.

பெயரிலேயே அண்ணன் இருந்ததால் அறுபது வயதுக் கடைக்காரர்கள்கூட நாற்பத்து மூன்று வயது மனிதரை அண்ணன் என்று கூப்பிட வேண்டியிருந்தது. அந்தக் கடுப்பில்தானோ என்னவோ, முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வேறு பெயர் வைத்திருந்தார்கள். ரெண்டு நிமிசம். ஷட்டர் மேலே ஏறவில்லை என்றாலும் கீழே இறங்கவில்லை என்றாலும், ஏறியதும் இறங்கியதும் போக நடுவில் நின்றுவிட்டது என்றாலும், பெரியண்ணன் வந்து ஸ்டூல் போட்டு ஏறி, நாக்கை ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார்.

"ரெண்டு நிமிசமுங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த மரியபுஷ்பத்திடமும் அப்படித்தான் சொன்னார். ஷட்டர் இடுப்பு உயரத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் வாங்கி வருகிறேன் என்று சேலம் பஸ் ஏறியவர் நான்காம் நாள்தான் திரும்பினார். அதுவரை மரியபுஷ்பமும் அவர் கடைக்கு வந்தவர்களும் குனிந்து குனிந்துதான் உள்ளே போய் வந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, குனிஞ்சபடியே அளவு குடுத்த பொம்பளைங்களுக்கெல்லாம் ஜாக்கெட் தப்பாப் போச்சுங்க. அத்தனையும் பிரிச்சுத் தெக்கறேன். உங்க ரெண்டு நிமிசம் எந்த ஊருக் கடியாரத்துலங்க?"

"சாமான் நல்லதா கெடைக்கோணுமில்லீங்க," என்றார் பெரியண்ணன், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவர் கைபட்ட ஷட்டர் அப்புறம் ஐந்தாறு வருஷத்துக்கு மக்கர் செய்யாது. மரியபுஷ்பத்தின் ஷட்டரை இப்போது சுண்டுவிரலால் தூக்கலாம். அவரும் தூக்குவார், தூக்கும்போதெல்லாம் திட்டுவார்.

பெரியண்ணன் பிறந்தது மாரமங்கலத்தில். அப்பா அம்மாவுக்குக் கேழ்வரகுக் காடும் கொஞ்சம் காப்பிச் செடியும் இருந்தன. கேழ்வரகுக்கும் இவருக்கும் ஒத்துவரவில்லை. அது சரியான நேரத்தில் விளைந்துவிடுகிற பயிர். பதினெட்டு வயதில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஷட்டர் பட்டறையில் சேர்ந்து தொழில் பழகிவிட்டு மலையேறி வந்தார். வந்த ஆறாம் வருஷம் கல்யாணம்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஏற்காட்டில் தெரியாதவர்கள் கிடையாது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, மாலைகளை உள்ளே வைத்துப் பூட்டிய பூக்கடையின் ஷட்டர் திறக்கவில்லை என்று ஆள் ஓடி வந்தது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "ரெண்டு நிமிசம்" என்றார். மாலையோடு திரும்பி வந்தபோது முகூர்த்தம் முடிய மூச்சுவிடும் நேரம்தான் பாக்கி. கைகழுவ எங்கே நேரம்? அப்படியே உட்கார்ந்து தாலியைக் கட்டினார். மஞ்சள் கயிற்றில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக கிரீஸ்.

பெண் வீட்டுப் பெரிய மனுஷிகள் கயிற்றைப் பார்த்து முகம் சுளித்து, இது என்ன என்று கேட்டார்கள். மணப்பெண் கண்ணாயி தலையை நிமிர்த்தாமல், "திருஷ்டிக்கு வெச்ச மைங்க" என்றாள். அவ்வளவுதான், கேள்வி முடிந்தது. அன்றைக்கே பெரியண்ணனுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. தனக்கு வாய்த்தவள் தன்னைவிட வேகமான ஆள்.

கிளியூர் போகும் வழியில் இருந்த கப்பல்வீட்டின் அவுட்ஹவுஸுக்கு அவர்கள் குடிவந்தது தொண்ணூற்று நாலில். வீட்டுக்காரர் லூர்துராஜ் தூத்துக்குடிக்காரர். முப்பது வருஷம் கப்பலில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாதத்துக்கு ஒருமுறை காண்டசா காரில் வந்து நாலு நாள் தங்குவார். மற்ற நாட்களில் பங்களாவைப் பார்த்துக்கொள்வது கண்ணாயியின் வேலை. ஊரில் லூர்துராஜுக்குக் கப்பல் ஐயா என்று பெயர்.

அவுட்ஹவுஸ் என்றால் ஒரே அறை, ஒட்டினாற்போல ஒரு சமையலறை. ஆனால் சமையலறைக்குள்ளேயே குழாய் இருந்தது. அதுவரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்து, விடியற்காலைப் பனியில் தெருக்குழாயில் குடத்தை வரிசைக்கு வைத்துவிட்டுக் காவலும் இருந்தவள் கண்ணாயி. குடிவந்த அன்று குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ஏம்புள்ள, தண்ணி வருதான்னு பாக்கறயா?" என்றார் பெரியண்ணன்.

"இல்லீங்க. நின்னுபோகுதான்னு பாக்கறேன்."

நிற்கவில்லை. மறுவாரமே பின்பக்கம் சௌசௌப் பந்தல் போட்டுவிட்டாள்.

பெரியண்ணனைக் கவர்ந்தது குழாய் அல்ல. கார் ஷெட்டின் கதவு. அது ஷட்டர் மாதிரி சுருளாது. நாலு பலகையாக மடிந்து, இரண்டு பக்கத் தண்டவாளத்தில் ஓடி, கூரைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இழுப்பது ஒரு மோட்டாரும் சைக்கிள் செயின் மாதிரி ஒரு சங்கிலியும். காருக்குள் இருந்தபடியே தீப்பெட்டி அளவு ரிமோட்டை அமுக்கினால் போதும். கப்பல் ஐயா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. இதற்கு முன் ஒன்றைத் தூத்துக்குடி வீட்டில் மாட்டியிருந்தாராம். கடற்கரை வீடு. உப்புக்காற்று மூன்றே வருஷத்தில் அதைத் தின்றுவிட்டதாம். கடலே இல்லாத ஊரில் மாட்டினால் ஆயுசுக்கும் இருக்கும் என்று இரண்டாவதை இங்கே மலைமேல் ஏற்றிவிட்டார்.

வாசலின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பத்துப் பைசா அகலத்துக்கு இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. பெரியண்ணன் அவற்றை மனைவிக்குக் காட்டி, தானே கண்டுபிடித்தவர்போல விளக்கினார்.

"இது ரெண்டும் மிசினோட கண்ணு. ஒண்ணயொண்ணு பாத்துக்கிட்டே இருக்கும். கதவு எறங்கறப்ப குறுக்க பூனை போனாக்கூடப் போதும், நின்னு மேல போயிரும்."

"கண்ணுன்னா கண்ணேவா?" என்றாள் கண்ணாயி.

"கண்ணேதான் புள்ள. உசுரிருக்கற மாதிரி."

இந்த வார்த்தையை அவர் அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் செய்தார். பங்களாவில் இன்னொரு ரிமோட் ஆணியில் தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருவி பார்க்கப் போன சேலம் ஆட்கள் கதவைப் பார்த்து இது என்ன என்று கேட்க, பெரியண்ணன் ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: "வெளிநாட்டுக் கதவுங்க. இருமுனாத் தொறந்துக்கும்."

ஒருவர் இருமினார். திறந்தது. அவர் சம்சாரம் இருமினார். மூடியது. தாத்தா ஒருவர் இருமினார். பெரியண்ணன் வேண்டுமென்றே அமுக்கவில்லை. "இன்னுங் கொஞ்சம் நெஞ்சிலிருந்து வரோணுமுங்க" என்றார். சேதி பரவி, வாரத்துக்கு வாரம் கூட்டம் சேர்ந்தது. ஒருநாள் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்று இருமிக்கொண்டிருக்கும்போது பின்னால் காண்டசா வந்து நின்றது.

கப்பல் ஐயா இறங்கினார். வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"என்னவே இது? ஊரே இருமுது. என் வீட்டு வாசல்ல டீபி கேம்ப் நடத்துதீரா?"

வரிசை கலைந்தது. பெரியண்ணன் சட்டைப்பையிலிருந்த ரிமோட் அவர் பைக்குப் போனது. அப்புறம் அவர் சத்தம் போடாமல்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"கேட்டுக்கிடும். கண்ணாயி, நீயும் கேட்டுக்கோ. நான் இல்லாதப்ப இந்த மிஷின்ல ஒரு விரல் படக் கூடாது. பட்டுச்சுன்னு தெரிஞ்சா அவுட்ஹவுஸ் சாவிய மேசைமேல வச்சிட்டுப் போயிட்டே இருக்கணும். ஒரு விரல்."

"படாதுங்க ஐயா," என்றாள் கண்ணாயி. பெரியண்ணன் தன் விரல்களைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தொண்ணூற்றாறில் சரஸ்வதி பூஜை வந்தது. காலையில் பொரிகடலை வாங்கிக்கொண்டு வந்த மைத்துனன், "மாமா, அந்தக் கதவ ஒருக்கா பாக்கலாமுங்களா?" என்று கேட்டுத் தொலைத்தான். ரிமோட் இல்லை. ஆனால் ஷெட்டின் உள்சுவரில் ஒரு சுவிட்சு இருந்தது. பெரியண்ணன் ஒருமுறை அமுக்கித் திறந்தார், ஒருமுறை அமுக்கி மூடினார். கதவு பூனைபோல இறங்கி நின்றது. ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் கண்ணாயி பூஜை போட்டாள். அவர் சுத்தியல், ஸ்பேனர், கிரீஸ் டப்பா, ஸ்டூல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பங்களாவுக்குள் போய் மிக்சி, பிரிட்ஜு, தையல் மெஷின், கப்பல் ஐயாவின் பழைய டெலஸ்கோப்பு என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துவிட்டு வந்தாள். பெரியண்ணன் பொரி தின்றுகொண்டிருந்தார்.

நான்காம் நாள், வியாழக்கிழமை மதியம், காண்டசா வந்தது. ரிமோட்டை அமுக்கினார், கதவு திறந்தது. கார் உள்ளே போனது. மறுபடி அமுக்கினார். கதவு ஒரு சாண் இறங்கியது, யோசித்தது, மேலே ஏறிக்கொண்டது. மோட்டாரின் தலையிலிருந்த விளக்கு கண்ணடிக்கிற மாதிரி பத்துத் தடவை விட்டு விட்டு எரிந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி ஒரு சாண், மறுபடி மேலே, மறுபடி பத்துக் கண்ணடிப்பு.

கப்பல் ஐயா கதவைப் பார்க்கவில்லை. பெரியண்ணனைத்தான் பார்த்தார்.

"யாரு தொட்டா?"

பெரியண்ணனுக்கு மைத்துனனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. "தெரியலீங்க ஐயா," என்றார்.

"சனிக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம். வண்டிய இங்கயே விட்டுட்டு வெள்ளிக்கிழமை சாயந்தரம் சேலம் போயி ரயில் ஏறணும். அதுக்குள்ள இது மூடணும். என்ன ஆச்சுன்னும் எனக்குத் தெரியணும். தானாக் கெட்டுச்சுன்னா சரி. கை பட்டுக் கெட்டுச்சுன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

"மோட்டாருல தொங்கற செவப்புக் கயிற இழுத்துவிட்டாக் கையாலயே மூடிக்கலாமுங்க," என்றார் பெரியண்ணன் மெதுவாக.

"கையால மூடதுக்கா கப்பல்ல கொண்டாந்தேன்?"

உள்ளே போய் ஒரு பழைய கோடு போட்ட நோட்டை எடுத்து வந்தார். அட்டையில் அவர் கையெழுத்தில், 'கடற்கரை வீட்டுக் கதவு மிஷின்: வழக்கமான கோளாறுகள்.' தூத்துக்குடிக் கதவோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டி எழுதியது. நாலே நாலு பாடம். சங்கிலியில் உப்புத் துரு, மண்ணெண்ணெயில் கழுவுக. ஸ்பிரிங்கில் உப்புத் துரு, எண்ணெய் இடுக. உருளையில் உப்பும் மணலும், கழற்றித் துடைக்க. ஒயர் முனைகளில் உப்புப் பச்சை, உப்புத்தாளால் தேய்க்க.

ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒண்ணு, சங்கிலி."

பெரியண்ணன் மலைத்துப் போய் நின்றார். "ஐயா, இந்த ஊர்ல உப்புக்காத்து எங்கிருந்துங்க வரும்? மொதல்ல அந்தக் கண்ணப் பாத்தரட்டுங்களா? ஆடி மாசத்துல ஒருக்கா பனி மூடிக்கிச்சு, நீங்கதான் தொடச்சீங்க."

"நோட்டுல கண்ணு இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப சங்கிலி."

நோட்டில் கண் எப்படி இருக்கும்? தூத்துக்குடி மிஷின் பழைய மாடல், அதற்குக் கண்ணே கிடையாது. அது பெரியண்ணனுக்குத் தெரியாது. கப்பல் ஐயாவுக்குத் தெரியும், ஆனால் தன் நோட்டுமேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் அது தோன்றவில்லை. இன்ஜின் ரூமில் வரிசை தப்பினால் கப்பல் முழுகிவிடும் என்று முப்பது வருஷம் பழகிய மனுஷர்.

பெரியண்ணன் ஸ்டூலில் ஏறினார். நாக்கு வழக்கமான பக்கம் போனது. "ரெண்டு நிமிசமுங்க."

சங்கிலியைக் கழற்றி, கழுவி, மாட்டியபோது இருட்டிவிட்டது. துரு ஒரு சிட்டிகைகூட இல்லை.

அவுட்ஹவுஸுக்கு வந்தபோது கண்ணாயி சௌசௌக்காய்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். முற்றியது, நடுத்தரம், விரல் நீளப் பிஞ்சு, எல்லாம்.

"பிஞ்சையும் பறிச்சுப்புட்டயே?"

"போற எடத்துல பந்தல் இருக்குமோ என்னமோ."

"ஆரு போறாங்க? ரெண்டு நிமிச வேல புள்ள."

"பேசாதீங்க. உங்க வித்த காட்டுற பழக்கந்தான் இதுக்கெல்லாங் காரணம். பூச அன்னிக்கு என்ர தம்பி வந்தப்ப ஷெட்டுக்குள்ள என்ன சத்தமுங்க அது? எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களா?"

பெரியண்ணன் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோறு போட்டாள். சாப்பிட்டார். பாத்திரம் கழுவும்போது அவள் குழாயை வழக்கத்தைவிட நெடுநேரம் திறந்து வைத்திருந்தாள். தண்ணீரை வீணாக்கினால் யாரையும் விடாதவள். பெரியண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்பிரிங். நேற்றுக் கடையில் வாங்கி வந்ததுபோலப் பளபளப்பு, உப்பு இல்லை. அப்புறம் உருளைகள். பன்னிரண்டையும் கழற்றித் துடைத்துப் பார்த்தால், ஒரு சிலந்தி குடும்பத்தோடு இருந்தது. மணல் இல்லை. கடைவீதிக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனபோது மரியபுஷ்பம் கடையிலிருந்தே கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, கப்பல்வீட்டுல ரெண்டு நிமிசம் நேத்துலருந்து ஓடுதாமே! இருமிப் பாத்தீங்களா?"

எப்போதும் ஏதாவது திருப்பிச் சொல்கிறவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போனார். மரியபுஷ்பத்துக்கே மனசு என்னவோபோல் ஆகிவிட்டது.

மதியத்துக்கு மேல் நான்காவது பாடம். ஒயர் முனைகள் பொன்னாக மின்னின. பெரியண்ணன் கையிலிருந்த உப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இந்தூர்ல உப்புன்னு இருக்கறது இந்தத் தாள் ஒண்ணுதானுங்க."

கப்பல் ஐயா நோட்டை மூடினார். அதில் மேற்கொண்டு பக்கமில்லை. "அப்ப மிஷின்ல ஒரு குறையுமில்ல. கை பட்டுத்தான் கெட்டிருக்கு. அதானேவே?"

கண்ணாயி அப்போதுதான் காப்பி கொண்டுவந்து ஷெட்டின் உள்கதவருகே நின்றாள். சேலம் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"ஐயா," என்றார் பெரியண்ணன். "கடேசியா அந்தக் கண்ண ஒருக்கா பாத்தறனுங்க."

இந்தத் தடவை தடுக்கவில்லை. பெரியண்ணன் டார்ச்சோடு தரையில் குப்புறப் படுத்தார். வலது பக்கக் கண் சுத்தமாக இருந்தது. புழுபோல ஊர்ந்து இடது பக்கம் போனார். அங்கே காப்பிச் சாக்குகள் அடுக்கியிருந்தன. கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து டார்ச்சை அடித்தார்.

கண்ணாடிக்கு நடுவில் அழகாக, வட்டமாக, காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். மைத்துனனும் காரணமில்லை, சுவிட்சும் காரணமில்லை. தன் விரல் நிரபராதி! எழுந்து நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தலாம் போலிருந்தது. இரண்டு நாள் வாங்கிய திட்டையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம்.

அப்புறம்தான் அந்தப் பொட்டை நன்றாகப் பார்த்தார். மேல்பக்கம் கொஞ்சம் ஏறி, ஒரு பக்கம் லேசாக இழுபட்டிருந்தது. கண்ணாயி மோதிர விரலால் பொட்டு வைப்பாள். எதற்கு வைத்தாலும், தனக்கு வைத்துக்கொண்டாலும், அந்த இழுப்பு இருக்கும். மிஷினைத் தொடாதே என்றதும் அவள் மோட்டாரைத் தொடவில்லை. மிக்சிக்கும் டெலஸ்கோப்புக்கும் வைத்துவிட்டு, உயிரிருக்கிற ஒன்றை மட்டும் வெறும் கண்ணோடு விட மனசு வராமல், குனிந்து ஒரே ஒரு பொட்டு. ஒரே ஒரு விரல்.

தலையைத் திருப்பினார். உள்கதவருகே அவள் பாதங்கள் தெரிந்தன. டார்ச் வெளிச்சம் எங்கே விழுந்திருக்கிறது என்று அவளும் பார்த்துவிட்டாள். ஒரு பாதம் இன்னொன்றின்மேல் ஏறி நின்றது.

"என்னவே, என்ன இருக்கு அங்க?" என்றார் கப்பல் ஐயா.

பெரியண்ணன் கட்டைவிரலைக் கண்ணாடிமேல் வைத்தார். அழுத்தி ஒரு சுற்று, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. அப்புறம் சட்டை நுனியால் துடைத்தார்.

"பனிங்க ஐயா."

"பனியா?"

"நாலு நாளாப் பனிமூட்டந்தானுங்களே. கண்ண மறச்சுக்கிச்சு. ஆரும் தொடலீங்க."

"அதத்தானே நேத்து மொதல்லயே தொடச்சிருக்கணும்? ஆடி மாசம் வந்ததுதானே? எத்தன வருஷமா இந்தத் தொழில் பாக்கீரு?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. நோட்டில் கண் இருக்கா என்று கேட்டுத் தடுத்தது யார்? பெரியண்ணன் அந்த நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"புத்தி வரலீங்க. என்ர தப்புங்க."

"ரெண்டு நிமிஷ வேலைக்கு ரெண்டு நாளு!"

"ஆமாங்க."

உண்மையில் ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்கு முன்னால் ஒரு வேலையை முடித்திருந்தார். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

கப்பல் ஐயா ரிமோட்டை எடுத்தார். ஷெட்டுக்குள் மண்ணெண்ணெய் நெடி. தொண்டை கமறி, பலமாக ஒரு இருமல் இருமியபடியே அமுக்கினார். கதவு இறங்கியது. ஒரு சாண், இரண்டு சாண், யோசிக்கவில்லை. தரையைத் தொட்டுச் சத்தமில்லாமல் நின்றது. ஷெட் இருண்டது.

அந்த இருட்டில் கப்பல் ஐயாவின் குரல் மட்டும் கேட்டது.

"இருமினா மூடும்னு நீரு சொன்னது சரிதான்வே."

சிரித்தாரா, இல்லை மறுபடி இருமினாரா என்று தெரியவில்லை. உள்கதவு வழியாகப் போகும்போது கண்ணாயியின் கையிலிருந்த காப்பியை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. நோட்டைத் திறந்து பேனாவால் ஐந்தாவது பாடம் எழுதினார்: 'மலை வீடு. கண்ணில் பனி. இதை முதலில் பார்க்க.' ஐந்தாவதாக எழுதிவிட்டு முதலில் பார்க்கச் சொன்னது இன்ஜின் ரூம் ஒழுங்குக்கு அடுக்காது. இருந்தாலும் எழுதினார்.

பஸ் போன பிறகு பெரியண்ணன் அவுட்ஹவுஸ் வாசலில் உட்கார்ந்து கைகழுவத் தண்ணீர் கேட்டார். கண்ணாயி செம்போடு வந்து, அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரல் ரேகையெல்லாம் குங்குமம்.

"ஏனுங்க," என்றாள். "ஏற்காட்டுப் பனி செவப்புங்களா?"

"இந்த வருசம் அப்படி. சீசன் சரியில்ல."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லீருந்தா, நானே முன்னால வந்து ஒத்துக்கிட்டிருப்பனில்லீங்க?"

"கல்யாணத்தன்னிக்கு நீ எங்கிட்டக் கேட்டுட்டா சொன்ன?"

கண்ணாயி செம்பைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றினாள். கொஞ்சம் வேண்டுமென்றே அவர் காலிலும் ஊற்றினாள். "ரெண்டு நாளாப் பிஞ்செல்லாம் பறிச்சுப்போட்டு, இப்ப தெனமும் சௌசௌதான். வாயத் தொறக்கப்படாது, ஆமா."

வாயைத் திறக்காமல் பதினோரு நாள் சாப்பிட்டார். கடைவீதியில்தான் பாடு அதிகம். பனியைத் துடைக்க ரெண்டு நாள் எடுத்துக்கொண்ட மெக்கானிக் என்று மரியபுஷ்பம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "கண்ணாடி தொடைக்கற வேலையிருக்குதுங்கண்ணா, நாளும் கெழமையும் பாத்து வாறீங்களா?" பெரியண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அவர் அப்படிப் பேசாமல் இருந்தது மரியபுஷ்பத்துக்கு ரொம்ப நாளைக்குப் புரியவில்லை.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று கண்ணாயி சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்குள் போனாள். போகும்போதே தீர்மானித்திருந்தாள், கதவுப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன் என்று. ஆனால் குனிந்து பார்த்தாள்.

கறுப்புக் கண்ணாடிக்கு இரண்டு விரற்கடை மேலே, இரும்புப் பட்டையில், பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில், எழுத்து அவ்வளவாக வராத ஒருவரின் கையெழுத்தில், கோணல்மாணலாக எழுதியிருந்தது:

'நெத்தி.'